புள்ளி உதிர்ந்த எழுத்து

தேயிலை விளையும் ஊரிலே பிறந்து வளர்ந்தவனாயினும், தகரப் பேழையில் அடைத்து வண்ணத்தாள் ஒட்டிய தேயிலையை நான் முதன்முதலாகக் கண்டது என் பன்னிரண்டாம் வயதில்தான். நல்லதண்ணியில் எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தது தூள். பேழைத் தேயிலை கடல் கடந்து போவது. பெரிய கிளாக்கரையாவின் வீட்டு அலமாரியில் அழகுக்காக வைத்திருந்த வெறும் பேழை ஒன்றை, புத்தகம் இரவல் வாங்கப் போன நான் பார்த்துக்கொண்டே நின்றேன். என்னைக் கவர்ந்தது அதன் பொன்னிறமன்று. அதன்மேல் இருந்த ஆங்கில எழுத்து.

அத்தகைய எழுத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. ஒவ்வோர் எழுத்திலும் ஒரு பகுதி பருத்துக் கரியதாய் இருந்தது. அதைத் தொடர்ந்த பகுதி மயிரிழையாய் மெலிந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஓடி, நுனியில் ஒரு சிறு குமிழாய்ச் சுருண்டது. எல்லா எழுத்துகளும் ஒருசேர வலப்பக்கம் சாய்ந்திருந்தன. சிவனொளிபாத மலைக்கு எங்கள் ஊரிலிருந்தே படியேற வேண்டும். பருவகாலத்தில் யாத்திரிகர் முன்னே சாய்ந்தபடி வரிசையாக ஏறுவதை நாளும் பார்ப்பவன் நான். அந்த எழுத்துகளும் எங்கோ ஏறிக்கொண்டிருப்பவைபோல எனக்குத் தோன்றின.

என் தந்தையார் ஸ்டோரில் பெட்டிகளுக்கு மை அடிப்பவர். தோட்டத்தின் பெயரும் தேயிலையின் தரமும் நிறையும் வெட்டப்பட்ட உலோகத் தகட்டைப் பெட்டியின்மேல் வைத்து, கரிய மையைத் தூரிகையால் ஒற்றி எடுப்பார். ஆங்கிலத்தில் ஓரெழுத்தும் அவருக்கு வாசிக்க வராது. ஆயினும் வாழ்நாள் முழுவதும் ஆங்கிலம் எழுதியவர் அவரே. அந்தத் தகட்டெழுத்துக்கும் பேழையெழுத்துக்கும் உள்ள வேற்றுமையை அவரிடம் கேட்டேன். "தகட்டுல அவ்வளவு மெல்லிசா வெட்டுனா மை ஊறிப் பரவிடும்டா. பெட்டி கொழும்புக்குப் போறதுக்குள்ள எழுத்து அழிஞ்சுடும். இது வேலைக்கான எழுத்து, அது வீட்டுல வச்சுப் பாக்குற எழுத்து" என்றார். பின்னாளில் அச்சுக்கலை பற்றி நான் படித்த நூல்களில் இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அதன் பொருள் எனக்கு அன்று விளங்காமற் போயிற்று. விளங்கியிருப்பின், 1987 ஆம் ஆண்டு என் கையாலேயே நேர்ந்த ஒரு தவறு நேராமல் இருந்திருக்கும்.

அத்தவறைச் சொல்லுமுன், அந்த எழுத்து வந்த வழியைச் சிறிது சொல்ல வேண்டும்.

சாய்ந்த எழுத்தின் பிறப்பிடம் இத்தாலி. அதனால்தான் ஆங்கிலத்தில் அதற்கு இத்தாலிக் என்று பெயர். வெனிஸ் நகரத்து அச்சாளர் ஆல்டஸ் மனூசியஸ், 1501 ஆம் ஆண்டு வேர்ஜில் என்னும் இலத்தீன் புலவரின் பாடல்களைக் கையடக்கமான சிறு நூலாக வெளியிட்டார். அந்நூல் சாய்ந்த எழுத்தாலேயே அச்சிடப்பட்டது. அதற்கான அச்சுகளைச் செதுக்கியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ என்னும் கம்மியர். அக்காலத்து இத்தாலியக் கற்றோரும் எழுதுவினைஞரும் விரைந்து எழுதிய கையெழுத்தே அதற்கு முன்மாதிரி. ஆகவே சாய்வு என்பது அழகுக்காக வலிந்து புகுத்தப்பட்டதன்று. விரைந்து செல்லும் பேனாவின் இயல்பு அது.

பருமனும் மென்மையும் கலந்த தோற்றம் வேறொரு கதை. தட்டையான முனையுள்ள பேனா ஒரு திசையில் இழுத்தால் தடித்தும் மறு திசையில் இழுத்தால் மெலிந்தும் எழுதும். பழைய அச்செழுத்துகளில் இவ்வேற்றுமை அளவோடு இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜோன் பாஸ்கர்வில் வழவழப்பான தாளைப் பயன்படுத்தி, 1757 ஆம் ஆண்டு அதே வேர்ஜிலின் நூலை அச்சிட்டார். தாள் வழவழப்பானால் மெல்லிய கோடும் சிதையாமற் பதியும். அவ்வழியில் இன்னும் தொலைவு சென்றவர்கள் பாரிஸ் நகரத்து டீடோ குடும்பத்தாரும் இத்தாலியின் பார்மா நகரத்துப் பொடோனியும் ஆவர். பொடோனி இளமையில் உரோமாபுரி மிஷன் அச்சகத்தில் கீழைத்தேய மொழிகளின் அச்சுருக்களைத் துடைத்து ஒழுங்குபடுத்தும் வேலை செய்தவர் என்பது நம்போன்றோர்க்குச் சுவையான செய்தி. 1813 ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அவருடைய எழுத்துகள் அனைத்தையும் தொகுத்த பெருநூலை அவர் மனைவியார் 1818 ஆம் ஆண்டு வெளியிட்டார். அவருடைய எழுத்தில் தடித்த கோடு தூண்போல் நிற்கும். மெல்லிய கோடு சிலந்தி நூலாய் ஓடும்.

பின்னர் இலண்டன் தெருக்களில் வாணிகப் போட்டி மிகுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குள்ள எழுத்து வார்ப்போர் பொடோனியின் தூணை இன்னும் ஊதிப் பருக்கச் செய்தனர். மெல்லிய கோட்டை மட்டும் அப்படியே விட்டுவிட்டனர். றொபேட் தோர்ன் என்பவர் இவ்வகைக்கு முன்னோடி என்பர். லொத்தர் விளம்பரங்களும் நாடக அறிவிப்புகளும் அவ்வெழுத்தில் சுவரெங்கும் நிறைந்தன. அதனைச் சாய்த்தும் வார்த்தனர். ஆல்டஸ் சட்டைப்பைக்குள் இட்ட எழுத்து இவ்வாறு சுவருக்கு ஏறிற்று. சுவரிலிருந்து கடைப்பலகைக்கும், கடைப்பலகையிலிருந்து பொதிகளின் மேலட்டைக்கும் பரவிற்று. கிளாக்கரையாவின் அலமாரியில் நான் கண்டது அந்த மரபில் வந்ததொன்று.

தமிழெழுத்தின் வரலாறோ முற்றிலும் வேறு. நம் எழுத்தை உருவாக்கியது பேனாவன்று, எழுத்தாணி. எழுத்தாணி ஓலையைக் கீறும். அதனால் தடிப்பும் மெலிவும் தர இயலாது. கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பருமன். பின்னர் தாளும் பேனாவும் வார்ப்பு எழுத்தும் வந்தபோதுதான் நம் எழுத்துக்குப் பருமனும் மென்மையும் ஏறின. 1578 ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தமிழ் வார்ப்பெழுத்தில் வந்த நூல்களுள் இன்று நம் கைக்குக் கிடைக்கும் முதல் நூல். தரங்கம்பாடிக்குச் செருமனியின் ஹாலே நகரிலிருந்து 1713 ஆம் ஆண்டு வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியனவாய் இருந்தமையின் தாள் போதாமற் போயிற்று. பாற்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத் தகடுகளை உருக்கிச் சிறிய எழுத்துகளை வார்த்தனர் என்பது அச்சு வரலாறு கற்றோர் அறிந்ததே. நம் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் அச்சகமும், 1849 ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் நிறுவிய அச்சியந்திரசாலையும் பரப்பிய எழுத்துகள், சிக்கனமும் தெளிவும் நோக்கமாகக் கொண்டவை. அலங்காரம் அவற்றின் நோக்கமன்று.

சாய்ந்த எழுத்து தமிழ் மரபில் இல்லை. அதற்குத் தேவையும் இருந்ததில்லை என்பது என் எண்ணம். ஆங்கிலேயர் ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டின் அதைச் சாய்த்து அச்சிடுவர். நாமோ ஏகாரம் ஒன்றைச் சேர்த்துவிடுகின்றோம். 'அவன் வந்தான்' என்பதும் 'அவனே வந்தான்' என்பதும் வேறு வேறு. தேற்றேகாரம் இருக்கும் மொழிக்கு எழுத்தைச் சாய்க்கும் வேலை எதற்கு? ஆங்கிலத்தில் அச்சுக்கோப்பவர் செய்வதைத் தமிழில் இலக்கணமே செய்துவிடுகின்றது. இதை வகுப்பில் நான் சொல்லும்போதெல்லாம் மாணவர் சிரிப்பர், ஆனால் உண்மை.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. என் கதைக்கு வேண்டியது அதுவே. ஆங்கில எழுத்தில் மயிரிழைக் கோடு சிறிது மங்கினாலும் தடித்த தூண்களைக் கொண்டே கண் சொல்லை அறிந்துகொள்ளும். தமிழில் அப்படியன்று. இகரத்துக்கும் ஈகாரத்துக்கும் உள்ள வேற்றுமை ஒரு சிறு சுழி. அது மையால் அடைபட்டால் 'வீடு' என்பது 'விடு' ஆகும். மெய்க்கும் உயிர்மெய்க்கும் உள்ள வேற்றுமை ஒரு புள்ளி. தொல்காப்பியர் காலந்தொட்டே புள்ளி பெறுவது மெய்யெழுத்தின் இயல்பு. எனினும் ஓலை பழுதுபடும் என்று அஞ்சியோ விரைவு கருதியோ, ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளியிடாமலே எழுதினர். கற்றோர் இடமறிந்து தாமே புள்ளியிட்டுப் படித்துக்கொண்டனர். ஏட்டிலிருந்து நூல்களைப் பதிப்பித்த பெரியோர் பட்ட பாட்டில் ஒரு பகுதி இந்தப் புள்ளியின்மையால் வந்தது. அச்சு வந்த பிறகே புள்ளி நமக்கு உறுதியாக வாய்த்தது. கற்றவனுக்குப் புள்ளி இல்லாவிடினும் குறையில்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பவனுக்குப் புள்ளியே கைக்கோல்.

எங்கள் தோட்டங்களில் அச்சுத்தாள் நுழைந்ததும் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களை நம்பித்தான். 1936 ஆம் ஆண்டு அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவான கோ. நடேசையர், பத்திரிகைகளையும் துண்டுப்பிரசுரங்களையும் கொண்டே தொழிலாளரைத் திரட்டினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை பாடல்களை இயற்றி, மேடையிற் பாடி, 1940 ஆம் ஆண்டு சிறு நூலாகவும் அச்சிட்டார். லயத்தில் ஒருவர் வாசிக்க, பத்துப் பேர் சுற்றியிருந்து கேட்பர். வாசிப்பவர் தடுமாறினால் பத்துப் பேரும் தடுமாறுவர்.

இவையெல்லாம் அறிந்தவனே நான். அறிந்தும் தவறினேன்.

1987 ஆம் ஆண்டு, எங்கள் தோட்டப் பாடசாலையில் நான் தமிழாசிரியன். அவ்வாண்டு மாணவி ஒருத்தி சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேற்றுடன் சித்தியடைந்தாள். எங்கள் பிரிவில் அப்படித் தேறிய முதற் பெண் அவள்தான். அவளை உயர்தரம் படிக்க அட்டனுக்கு அனுப்பலாமா, கொழுந்து பறிக்கப் பெயர் பதியலாமா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தந்தை ஒரு மனமாக இருக்கவில்லை. பெற்றோர் அனைவரையும் கூட்டி அவளைப் பாராட்டினால் அவர் மனம் இளகும் என்று நாங்கள் கருதினோம். 'கல்வி விழா' என்று பெயரிட்டோம். முந்நூறு அழைப்புத்தாள்கள் அச்சிடத் தீர்மானித்தோம்.

தலைப்பை நானே வரைவதாகச் சொன்னேன். பன்னிரண்டு வயதில் கண்ட பேழை என் மனத்தைவிட்டு அகலவில்லை. தமிழிலும் அப்படியோர் எழுத்தை எழுதிக் காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாய் இருந்தது. இரண்டு இரவுகள் விளக்கருகில் அமர்ந்து வரைந்தேன். ககரத்தின் நெடுங்கோட்டைத் தூணாக்கினேன். லகரத்தின் வளைவைத் தடிப்பிலிருந்து மயிரிழைக்கு இறக்கினேன். வகரத்தின்மேல் இகரக் கொம்பைக் கொடியாய்ச் சுழற்றினேன். அனைத்தையும் வலப்பக்கம் சாய்த்தேன். லகரத்துக்குரிய புள்ளியை, மெல்லிய கோடுகளின் நயத்துக்கு இசைய, கடுகினும் சிறிதாக வைத்தேன். வரைந்து முடித்தபோது அது அழகாகத்தான் இருந்தது; இன்றும் மறுக்கமாட்டேன்.

அச்சகத்தில் முதியவரான அச்சுக்கோப்பவர் அதை விளக்கில் பிடித்துப் பார்த்தார். "சாய்வெழுத்து எங்ககிட்ட இல்ல சேர், பிளாக் செய்யணும்" என்றார். சற்றுத் தயங்கி, "புள்ளி கொஞ்சம் பொடிசா இருக்கே" என்றும் சொன்னார். நான் பொருட்படுத்தவில்லை. பிளாக் கொழும்பிலிருந்து வந்தது. துத்தநாகத் தகட்டில் எழுத்தின் உருவைப் பதித்து, மற்ற இடங்களை அமிலத்தால் அரிக்கச் செய்வது அதன் முறை. அமிலம் மேலிருந்து கீழே மட்டும் அரிப்பதில்லை, பக்கவாட்டிலும் குடையும். பெரிய கோட்டுக்கு அதனால் தீங்கில்லை. கடுகளவான புள்ளியோ அடியிற் குடைபட்டு, ஊசிமுனையில் நிற்பதுபோல நின்றது. மிதி இயந்திரம் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அது சிறிது சிறிதாய்த் தேய்ந்தது. எனக்குக் காட்டிய முதல் தாளில் புள்ளி இருந்தது. நூற்றுச் சொச்சம் தாள்கள்வரை ஒருவாறு மங்கலாய் நின்றிருக்க வேண்டும். அதன்பின் உடைந்து வீழ்ந்துவிட்டது.

மழை. மஸ்கெலியாவிலிருந்து வரும் கடைசி பஸ்ஸில், நனையாமலிருக்கக் கட்டைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் மாலை மாணவர் கையிற் கொடுத்து லயங்களுக்கு அனுப்பினேன்.

புள்ளியில்லாத 'கல்வி' என்ன ஆகும் என்று ஆசிரியர்களாகிய வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அச்சொல்லுக்கு அகராதி கூறும் பொருளையும் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த நாட் காலையிற் பெரட்டுக் களத்தில் இளைஞர் சிலர் அதை உரக்கப் படித்துச் சிரித்தனர். பொருள் விளங்காதவர்க்கு ஒருவன் விளக்கினான். அவன் என்னிடம் சாதாரண தரம் வரை படித்தவன். அச்சொல்லை இலக்கியப் பாடத்தில் அவனுக்குக் கற்பித்தவனும் நானே. தலைப்புக்கு நேர்கீழே அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது.

நண்பகலில் அவள் தந்தை வந்தார். நனைந்த கம்பளியைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். மடித்த தாளை நீட்டினார்.

"வாத்தியாரய்யா, எனக்கு வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிஞ்சவனுக சிரிக்கிறானுக. எம்புள்ள பேருக்கு மேல என்னா எழுதியிருக்கீங்க?"

"கல்வி விழான்னு எழுதுனேங்க. அச்சுல புள்ளி விழுந்திருச்சு."

"ஒரு புள்ளி விழுந்தா அர்த்தமே மாறிப் போகுமா?"

"மாறும்."

அவர் தாளை ஒருமுறை பார்த்தார். "அம்புட்டு முக்கியமானத ஏன் அம்புட்டுச் சின்னதா வச்சீங்க?" என்று கேட்டார். அதட்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். என்னிடம் விடையில்லை.

அன்று மாலை மாணவர் சிலருடன் லயம் லயமாகச் சென்று தாள்களைத் திரும்பப் பெற்றோம். சிலர் அடுப்புக்கு இட்டிருந்தனர்; சிலர் தரவே மறுத்தனர். பாடசாலையின் நீண்ட மேசையில் அவற்றைப் பரப்பிப் பேனாவால் புள்ளியிடத் தொடங்கினோம். 180க்கு மேற்பட்ட தாள்கள். சிறிது நேரத்தில் அந்தப் பெண்ணே வந்து ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு அமர்ந்தாள். யாரும் எதுவும் பேசவில்லை. நான் இட்ட புள்ளிகள் என் எழுத்தின் நயத்துக்கு ஒத்துப்போகும் அளவில் இருந்தன. வெட்கமாய் இருக்கிறது, அப்போதும் நான் நயத்தை விடவில்லை. அவள் இட்டவை மிளகளவு. எழுத்தின் அழகையெல்லாம் கெடுத்துவிட்டு எடுப்பாக நின்றன.

விழா நடந்தது. தாய் வந்தார், தந்தை வரவில்லை. அவ்வாண்டு அவள் அட்டனுக்குப் போகவில்லை. கூடை ஏந்தி மலைக்குப் போனாள். அடுத்த ஆண்டுதான் உயர்தர வகுப்பிற் சேர்ந்தாள். அந்த ஓராண்டு முழுவதையும் என் புள்ளியின்மேற் சுமத்துவது நேர்மையாகாது. சம்பளமும் வீட்டுக் கடனும் அதிற் பங்குகொண்டன. எனினும் எவ்வளவு பங்கு எதற்கு என்று நான் கணக்கிட்டுப் பார்க்காத ஆண்டு இல்லை.

என் தந்தையாரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "நான் அன்னைக்கே சொன்னேன்" என்றும் சொல்லவில்லை. பிளாக்கை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். புள்ளி இருந்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்தார்.

அந்த எழுத்தின்மேல் எனக்கு இன்றும் பகையில்லை. பெரிதாக, வழவழத்த தாளில், நிதானமாய்ப் பார்ப்போர்க்கென இருக்கும்போது அதற்கு ஈடான கம்பீரம் வேறெந்த எழுத்துக்கும் இல்லை. தமிழுக்கும் அது பொருந்தாதென்று சொல்லேன். ஆனால் ஆங்கில எழுத்தின் மெலிவை அப்படியே கொண்டுவந்து தமிழின்மேற் போர்த்த முடியாது. நம்முடைய மெல்லிய கோடுகளில் எவை அணி, எவை பொருள் என்று பிரித்தறிந்து, பொருள் சுமப்பவற்றுக்குத் தசை ஏற்றிய பின்னரே மற்றவற்றை மெலிக்க வேண்டும். சுழியும் புள்ளியும் முதலில். கொடியும் குமிழும் பிறகு. நான் தலைகீழாகச் செய்தேன்.

இப்போது ஈய எழுத்தும் இல்லை, துத்தநாகப் பிளாக்கும் இல்லை. மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை நீளும் யாத்திரைப் பருவத்தில், நல்லதண்ணிக் கடைத்தெரு முழுவதும் மும்மொழிப் பதாகைகள் தொங்குகின்றன. கணினி எந்தத் தமிழெழுத்தையும் ஒரு நொடியிற் சாய்த்துத் தருகின்றது. சாய்க்கப்பட்ட தமிழில் துணைக்கால்கள் வழுக்கி விழுபவர்போல் நிற்பதை எவரும் பொருட்படுத்துவதில்லை. கம்பளித் தொப்பி விற்கும் கடைக்காரரின் மகன், என் பழைய மாணவன், தன் புதிய பெயர்ப்பலகையின் மாதிரியைக் கைபேசியிற் காட்டி, "எப்படி இருக்கு சேர்?" என்று கேட்டான். தடித்துச் சாய்ந்த அழகிய எழுத்து. புள்ளிகளைச் சற்றுப் பெரிதாக்கச் சொன்னேன். "அசிங்கமா இருக்குமே சேர்" என்றான். "இருக்கட்டும்" என்றேன். பெரிதாக்கினான்.

அன்று புள்ளியிட்ட தாள்களில் ஒன்று என்னிடம் இருக்கின்றது. தாள் பழுத்து விளிம்பு உதிர்கின்றது. அச்சு மை மங்கிவிட்டது. மயிரிழைக் கோடுகளில் பாதி இப்போது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. லகரத்தின் தலைமேல், மிளகளவான நீலமைப் புள்ளி ஊறிச் சற்றே பரந்து நிற்கின்றது. அது என் கையாற் பிறந்ததன்று.